விலை இறங்கிய நெஞ்சுப் பட்டையை வாங்கலாமா?

தேவகோட்டையில் இருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, இதயத் துடிப்பை அளக்க நெஞ்சுல நீங்க கட்டுற அதே ஹார்ட் ரேட் பட்டை விலை நல்லா இறங்கியிருக்கு. வாங்கிடவா?" என்னுடைய இரண்டாவது பட்டையும் கெட்டுப்போய் மூன்றாவதை மாட்டியிருக்கும் நேரத்தில் கேட்டிருக்கிறார். அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும். ஆனாலும் மூன்று வருஷத்துக்கு மேல் காரைக்குடியைச் சுற்றியுள்ள ரோடுகளில் இதைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டியவன் என்ற முறையில் நல்லதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

துடிப்பை வயரில்லாமல் போனுக்கும் சைக்கிள் மீட்டருக்கும் அனுப்பும் புளூடூத், ஆன்ட் பிளஸ் எல்லாம் விற்கும் இடத்திலேயே போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன. பேட்டரி சிஆர் 2032, நம்ம ஊர் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய்த் திரும்புவதுதான் எங்கள் வழக்கம். ஆடி மாதத்தில் போகும்போது காற்று முகத்தில் அறையும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் 15-ஐத் தாண்டுவது பாடு. திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், 27, 28 என்று போகும். வேகத்தை மட்டும் பார்த்து ஓட்டுகிறவர் போகும்போது தன்னை நொந்துகொண்டு இன்னும் அழுத்துவார், வரும்போது நன்றாக ஓட்டியதாக நினைத்துக்கொள்வார். இரண்டும் சரியில்லை. போகும்போதும் 125, வரும்போதும் 125 என்று துடிப்பைப் பிடித்து வைத்தால் காற்று என்ன செய்தாலும் உடம்பு செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இதைப் பட்டை இல்லாமல் நான் கற்றிருக்க மாட்டேன்.

நாற்பது, ஐம்பதில் சைக்கிளை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் எல்லா நாளும் ஒரே மாதிரி ஓட்டுகிறார்கள். மூச்சு வாங்கும், ஆனால் முழுப் பலத்தையும் போட்டதாக இருக்காது. களைப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். பெரிய வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சிகளில் சுமார் 80 சதவீதம் மெதுவானவை என்று எழுதியிருக்கிறார். அவர்களே அப்படி என்றால், காலையில் ஓட்டிவிட்டு ஒன்பதரைக்குக் கடையைத் திறக்க வேண்டிய நமக்கு வேறு என்ன வழி? பக்கத்தில் ஓட்டுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் மெதுவான வேகம். அந்த வேகத்தில் கோவிலூர் தாண்டும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட முந்திக்கொண்டு போவார்கள். போகட்டும். பட்டை காட்டும் எண்ணை நம்பி அப்படி ஓட்டத் தொடங்கிய பிறகுதான், படுக்கையில் எழுந்தவுடன் பார்க்கும் என் துடிப்பு எழுபதுகளில் இருந்து அறுபதுகளின் தொடக்கத்துக்கு இறங்கியது.

இன்னொன்று, நான் எதிர்பார்க்கவே இல்லாத ஒன்று, சித்திரை வைகாசி வெயிலில் தெரிந்தது. காலை ஆறு மணிக்கு 122-ல் ஓட்டிய அதே வேகத்தில் எட்டரைக்குத் திரும்பி வந்தால் எண் 137 என்கிறது. கால் ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. கார்டியாக் டிரிஃப்ட் என்பார்கள். வியர்வையாக நீர் போகப்போக ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் நிறைய ரத்தம் போக வேண்டியிருக்கிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு குறைய, அதை ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. அதாவது வெயிலில் வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதயத்துக்கு வேலை ஏறிக்கொண்டே போகும். எண்ணைப் பிடித்துக்கொண்டால் வேகம் தானாகக் குறையும். உப்புப் போட்ட மோர் குடித்துவிட்டுப் புளியமர நிழலில் கொஞ்ச நேரம் நின்றால் அந்த எண் இறங்குவதை அப்படியே பார்க்கலாம். நம்ம ஊர் வெயிலில் ஓட்டும் ஐம்பது வயதுக்காரருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் போனில் இருக்கும் ஆப் தானாகப் பிரித்துக் கொடுக்கும் ஜோன்களை, அதாவது இத்தனை சதவீதம் முதல் இத்தனை சதவீதம் வரை என்று பிரித்த துடிப்பு எல்லைகளை, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என் வயது 53. 220-ல் இருந்து கழித்து, உச்சத் துடிப்பு 167 என்று அது முடிவு செய்துவிட்டது. இந்தக் கணக்கு 1971-ல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் மூவரும் எழுதிய கட்டுரையில் இருந்து பரவியது. அப்போது கையில் இருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளைப் பார்த்து இழுத்த தோராயக் கோடு, அவ்வளவுதான். 2001-ல் டனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் 351 ஆய்வுகளில் இருந்து 18,712 பேரின் தகவலைத் திரட்டி, 208-ல் இருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது பொருத்தம் என்றார்கள். நாற்பது வயதில் இரண்டு கணக்கும் 180-தான் தரும். அறுபதில் ஒன்று 160 என்னும், இன்னொன்று 166 என்னும். எனக்கு இரண்டாவது கணக்கில் 171 வருகிறது. டாக்டரிடம் காட்டி, சரி என்று சொல்லிய பிறகு முழுப் பலத்தோடு ஓட்டியபோது நான் பார்த்தது 176. எந்தக் கணக்கிலும் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு மேலேயோ கீழேயோ போவது சாதாரணம்.

ஆஸ்பத்திரியில் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தவர்கள் அதில் தொட்ட எண்ணைத் தங்கள் உச்சம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வயதுக் கணக்கில் 85 சதவீதத்தைத் தொட்டாலே போதுமான சோதனை என்று எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்தச் சோதனை இதயத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத்தான், உச்சத்தைக் கண்டுபிடிக்க அல்ல.

இன்னொரு சிக்கல், 60 சதவீதம் என்றால் எதில் 60 என்பது. உச்சத்தில் 60 என்றால் எனக்கு 106. கார்வோனன் என்ற ஆய்வாளர் 1957-ல் சொன்ன முறையில், உச்சத்துக்கும் ஓய்வுத் துடிப்புக்கும் உள்ள இடைவெளியில் 60 சதவீதம் எடுத்து ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 130. ஒரே பெயர், 24 துடிப்பு வித்தியாசம். உங்கள் ஆப் எந்த முறையில் போடுகிறது என்று பார்க்காமல் ஜோன் 2-ல் ஓட்டுகிறேன் என்று சொல்வதில் பொருள் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கோ எந்தக் கணக்கும் பொருந்தாது, அந்த மாத்திரை துடிப்பையே அடக்கி வைக்கும். எங்கள் குழுவில் ஒருவருக்கு மூச்சு இரைக்கும்போதும் 118-தான் காட்டும். அவர் மூச்சையும் பேச்சையும் வைத்துத்தான் ஓட்டுகிறார், டாக்டர் சொன்னதும் அதையே.

சரி, இப்போது என் பட்டைகளைக் கெடுத்த பட்டன்.

துடிப்பை அளக்கும் சின்னப் பெட்டி பட்டையில் இரண்டு பிரஸ் பட்டன்களில் மாட்டிக்கொள்கிறது. நெஞ்சுத் தோலில் கிடைக்கும் மின் அலை ஒரு மில்லிவோல்ட் அளவுதான் இருக்கும். அந்தச் சின்ன அலை, துணியில் நெய்த மின்முனையில் இருந்து அந்த இரண்டு பட்டன்கள் வழியாகத்தான் பெட்டிக்குப் போயாக வேண்டும். பட்டனில் பச்சைக் களிம்பு ஏறினால் எல்லாம் போச்சு. வியர்வை உப்பு, காயாத ஈரம், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகம். உலோக அரிப்பை ஆராய்வதை ஒரு முக்கிய வேலையாகச் செய்யும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் இது. இது நடக்கும் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். செய்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வியர்க்கும் நெஞ்சில் கட்டுவதற்கென்றே செய்த பொருளில் வியர்வை தாங்காத பட்டனை எப்படி வைத்தார்கள் என்று ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

சொன்னபடிதான் பராமரித்தேன். ஓட்டி வந்ததும் பெட்டியைக் கழற்றிவிடுவேன். கழற்றாவிட்டால் ஈரப் பட்டையை உடம்பு என்று நினைத்து விழித்துக்கொண்டே இருந்து பேட்டரியைத் தின்றுவிடும். பட்டையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுவேன். இத்தனைக்கும் பிறகு முதல் பட்டை களிம்பேறியபோது சர்வீஸில் சொன்ன காரணம்: "உங்க ஏரியா உப்புத் தண்ணி சார்." காரைக்குடித் தண்ணீரை! சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைச் சொல்லித்தான் வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரையே நினைவு வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் இருந்தோ போனை எடுத்த அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படித்தார். ஆனால் எழுதிக் கொடுத்தவர்களை மன்னிக்க மாட்டேன். உத்தரவாதம் பெட்டிக்கு மட்டும்தானாம், பட்டைக்கு இல்லையாம். பட்டை தனியாக வாங்கினால் முழுசெட் விலையில் பாதிக்குப் பக்கத்தில். இப்போது முழுசெட் விலை இறங்கியிருக்கிறது, தனிப் பட்டையின் விலை இறங்கவே இல்லை.

காசு போவதை ஆற்றிக்கொள்ளலாம். ஆற்ற முடியாதது இது: களிம்பேறத் தொடங்கிய பட்டை உடனே நின்றுவிடுவதில்லை, பொய் சொல்லத் தொடங்குகிறது. இறக்கத்தில் மிதிக்காமல் உட்கார்ந்திருக்கும்போது 96-ல் இருந்து 188-க்குத் தாவும், அடுத்த நொடி 70, அப்புறம் எண்ணே இல்லாமல் வெறும் கோடு. புதுப் பட்டையே கூட முதல் பத்து நிமிஷம், வியர்வை வரும் வரை, இந்தக் கூத்தைக் கொஞ்சம் காட்டும். மின்முனையைத் தண்ணீரில் நன்றாக நனைத்துக் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காற்றில் படபடக்கும் பாலியஸ்டர் பனியன் போட்டாலும் இதே கதை. இதெல்லாம் தெரிந்தவர் என்ன செய்வார்? 188-ஐப் பார்த்ததும் "பட்டை உளறுது" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே போவார். எங்கள் குழுவில் இப்போது எல்லோரும் அப்படித்தான்.

ஐம்பது வயதுக்காரர் அப்படிப் பழகக்கூடாது. உழைப்பால் துடிப்பு ஏறும்போது படிப்படியாக ஏறும். திடீரென்று தாவுவது பெரும்பாலும் பட்டையின் பொய்தான். ஆனால் இதயத்தின் தாளமே கெட்டாலும் துடிப்பு இப்படித்தான் திடீரென்று தாவும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறு வயது ஏற ஏற அதிகம் வருவது. வருஷக்கணக்காக நீண்ட தூரம் கடுமையாகப் பயிற்சி செய்யும் நடுவயது ஆண்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும் ஆய்வுகளில் வந்த செய்தி. ஆகவே நான் குழுவில் பிடிவாதமாகச் சொல்வது: எண் தாவினால் இறங்குங்கள். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பட்டையின் எண்ணோடு ஒத்துப்போனாலோ, துடிப்பு ஒழுங்கில்லாமல் தட்டினாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு பிடித்தாலோ அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, டாக்டரிடம் போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பட்டையை நனைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், அலுத்துப்போனாலும்.

கைக்கடிகாரம் போதாதா என்றும் தம்பி கேட்டிருந்தார். பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அளக்கும் முறை அது. சமமான ரோட்டில் நிதானமாக ஓட்டும்போது நன்றாகவே காட்டுகிறது. ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து, மணிக்கட்டு மடங்கி, ஆத்தங்குடிப் பக்கம் ஒட்டுப்போட்ட ரோட்டில் குலுங்கும்போது தடுமாறுகிறது. வேகம் கூட்டிக் குறைக்கும் பயிற்சியில் பின்தங்கி வருகிறது. துல்லியத்தில், நல்ல நிலையில் இருக்கும் நெஞ்சுப் பட்டைக்கு அது ஈடில்லை.

தம்பி, இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்கிறேன்: இந்தப் பட்டையை இந்த விலையிலும் வாங்க வேண்டாம். நான் நாளைக்கும் இதைக் கட்டிக்கொண்டுதான் போவேன், காற்றிலும் வெயிலிலும் இது இல்லாமல் ஓட்ட எனக்கு இனி மனம் வராது. ஆனால் இன்னொருவரை இந்தப் பட்டனிடம் மாட்டிவிட எனக்கு மனமில்லை. இப்போதைக்கு வாரத்தில் பெரும்பாலான நாள் பேசிக்கொண்டே ஓட்டுகிற வேகத்தில் ஓட்டுங்கள், ஒரு நாள் பேச்சு வராத அளவுக்கு ஓட்டுங்கள், நாடியை விரலால் எண்ணிப் பழகுங்கள். மாத்திரை எதுவும் சாப்பிட்டால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பழைய பட்டைகள் இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் பட்டனைக் காட்டுகிறேன். அதைப் பார்த்த பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், கூடவே தனிப் பட்டை இரண்டுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.