மலைச் சைக்கிள் ஓட்டும் பெறாமகனுக்கு வாங்கிய பரிசுகள்

பேராதனையில் படிக்கும் என் பெறாமகன், ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஹந்தானை மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுபவன். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்தால் மணற்காட்டுப் பக்கம் போய்விடுவான். அவனுடைய பிறந்தநாளுக்கு வாங்கிய பொருள்களை மூன்று மாதப் பாவனைக்குப் பின் மதிப்பிடுகிறேன்.

முதலில் வாங்கியது ஒரு கைப் பம்ப். வீட்டுச் சைக்கிளின் வால்வுக்கட்டையை மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு, காற்றடிக்கும் வாய் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும் என்பது தோன்றவில்லை. அவனுடைய சில்லில் இருந்தது, நுனியிலுள்ள சிறு திருகைத் தளர்த்திய பிறகே காற்று ஏறும் மெல்லிய பிரெஸ்ரா வால்வு. நான் வாங்கிய பம்போ மோட்டார் சைக்கிள்களில் உள்ள தடித்த ஸ்ரேடர் வால்வுக்கு மட்டுமே பொருந்தியது. விற்றவர் என்ன வால்வு என்று கேட்கவுமில்லை, பெட்டியைப் பிரித்துவிட்டதால் மாற்றித் தரவுமில்லை. வேறொரு கடையில் வாங்கிய இரண்டாவது பம்ப் இரு வகைக்கும் பொருந்துவதோடு, குட்டையான இறப்பர்க் குழாயும் கொண்டது. குழாய் வழியாக அடிப்பதால் வால்வின் தண்டு வளைவதில்லை. அவனுடைய 29 அங்குல ரயரில் சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் அளவு காற்று ஏற்ற ஏறத்தாழ 200 தடவை அடிக்க வேண்டியிருந்தது. அகன்ற மலை ரயருக்கு அழுத்தம் குறைவாகப் போதுமென்றாலும் காற்று நிறைய வேண்டும். ஆகவே ஒவ்வோர் அடியிலும் அதிக காற்றுத் தள்ளும் பருத்த பம்பையே தேட வேண்டும்.

மடக்கு ஆயுதம் திருப்தியளித்தது. 4, 5, 6 மில்லிமீற்றர் அலன் சாவிகளுடன், அவனுடைய டிஸ்க் பிறேக் தட்டின் ஆணிகளுக்குரிய நட்சத்திர முனைச் சாவியும் சங்கிலி கழற்றும் கருவியும் அதிலுண்டு. கடற்காற்றில் ஓரிரு சாவிகள் துருப்பிடிக்கத் தொடங்கியமையால் எண்ணெய் பூசி வைத்திருக்கிறோம்.

கையுறை அளவாக இருந்தது. தலைக்கவசத்தை மட்டும் சொல்லாமல் வாங்காதீர்கள். அதை அணிபவரே போட்டுப் பார்த்து எடுப்பதுதான் பாதுகாப்பு.

எல்லாவற்றிலும் சிறந்தது, ரியூப் இல்லாத ரயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம். ரயரும் விளிம்பும் ரியூப் இன்றி ஓடக்கூடியவைதானா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடுவதால், அதே பரிசை மறுமுறையும் தயங்காமல் வாங்கலாம். நெருஞ்சியும் உடைமுள்ளும் நிறைந்த எங்கள் ஒழுங்கைகளில் அதன் அருமை உடனே தெரிந்தது. போன கிழமை முன்ரயரிலிருந்து மூன்று முட்களைப் பிடுங்கினோம். ஒவ்வொரு துளையிலும் வெள்ளையாகச் சற்றுக் கசிந்து, சில்லைச் சுழற்றியதும் நின்றுவிட்டது.