என்பிஏ லீக் பாஸ்: புதிதாகக் கூடைப்பந்து பார்ப்பவர் வாங்கலாமா?

அமெரிக்காவின் என்பிஏ லீகில் 30 அணிகள். அணிக்கு 82 ஆட்டம் என்று கணக்குப் போட்டால் ஒரு சீசனில் 1,230 ஆட்டம் வருகிறது, பிளே-ஆஃப் தனி. இவற்றை நேரலையாகவும் பிறகு பதிவாகவும் பார்க்க விற்கப்படும் சந்தாதான் லீக் பாஸ். நேற்றுத்தான் கூடைப்பந்து பார்க்க ஆரம்பித்தவருக்கு இது கடலைக் கொண்டுவந்து வாசலில் கொட்டின மாதிரி. ஒரே ஒரு அணியைப் பிடித்துக்கொண்டு சீசன் முழுக்கப் பார்க்கப் போகிறவர் தாராளமாக வாங்கலாம். மேலோட்டமாகப் பார்க்க நினைப்பவருக்கு என்பிஏவின் யூடியூப் சேனலில் இலவசமாக வரும் சுருக்கங்களே போதும்.

எந்த அணி? கோப்பைகளை எண்ணித் தேர்ந்தெடுத்தால் பாஸ்டன் செல்டிக்ஸ் (18), லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் (17). ஆனால் இந்தியாவிலிருந்து பார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடிகாலை 5.30. அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் அக்டோபரிலும் மார்ச் நடுவுக்குப் பிறகும் அதே ஆட்டம் 4.30க்கே வந்துவிடும். டென்வர் நகெட்ஸின் சொந்த ஊர் ஆட்டம் 7 மணிக்கு என்றால் குளிர்காலத்தில் இங்கே காலை 7.30, மேற்குக் கரையில் லேக்கர்ஸ், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்றால் 8.30. வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிறு பகல் ஆட்டங்கள்தான் வரம்: கிழக்கில் மதியம் 1 மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு ஞாயிறு இரவு 11.30.

பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸில் ஏது ஏரி? லேக்கர்ஸ் முதலில் ஏரிகள் நிறைந்த மினியாபோலிஸில் இருந்த அணி, 1960இல் இடம் மாறியது. யூட்டா ஜாஸும் அப்படித்தான், நியூ ஆர்லியன்ஸிலிருந்து 1979இல் பெயரையும் தூக்கிக்கொண்டு வந்தது.

இனி சேவைக்கு வருவோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழுப் பதிவும், சுமார் பத்து நிமிடச் சுருக்கமும் உண்டு. சுருக்கம் வசதிதான், கற்றுக்கொள்ள மட்டும் உதவாது. அதில் பந்து கூடைக்குள் விழுவதுதான் பெரும்பாலும் வரும். உதாரணத்துக்கு டென்வரின் ஆட்டம்: நிகோலா யோகிச் போய் ஒரு தடுப்பாட்டக்காரரின் வழியில் தூண் மாதிரி நிற்பார். இதுதான் ஸ்க்ரீன். அந்த இடைவெளியில் ஜமால் மர்ரே பந்தோடு நழுவுவார், யோகிச் கூடையை நோக்கித் திரும்புவார். இது பிக் அண்ட் ரோல். எதிரணி இதை நான்கு தடவை முறியடித்து, ஐந்தாவது தடவை ஆளை மாற்றிப் பிடிப்பதில் தடுமாறியிருக்கும். சுருக்கத்தில் அந்த ஐந்தாவது மட்டும்தான் கிடைக்கும். ஏன் விழுந்தது என்பது முழு ஆட்டத்தில்தான் தெரியும். நேரலையில் இரண்டேகால் மணி நேரம் ஆகும், பதிவில் டைம்-அவுட்டுகளையும் இடைவேளையையும் தள்ளிவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

பார்க்கும்போது கண் பந்தின் மேல் இருந்தாலும் அவ்வப்போது திரையின் அடியில் ஓடும் ஸ்கோர் பட்டைக்குப் போய் வரட்டும். அணிகளின் மூன்றெழுத்துச் சுருக்கம், புள்ளி, எத்தனையாவது குவார்ட்டர் (ஒன்று 12 நிமிடம்), பக்கத்தில் 24 வினாடியிலிருந்து இறங்கும் எண். அது ஷாட் கிளாக். அதற்குள் எய்த பந்து வளையத்தையாவது தொட வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. தொட்டுத் திரும்பிய பந்தை எய்த அணியே பிடித்தால் மறுபடி 24 கிடையாது, 14தான். இந்தக் கடிகாரம் வந்தது 1954இல். அதற்கு முன் பந்தைப் பதுக்கி வைத்தே ஜெயிக்கலாம்: 1950இல் ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ் லேக்கர்ஸை வென்ற ஸ்கோர் 19-18!

பட்டையில் ‘போனஸ்’ என்று வந்தால் எதிரணி அந்தக் குவார்ட்டரில் ஃபவுல் வரம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஐந்தாவது ஃபவுலிலிருந்து, அல்லது கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டாவது ஃபவுலிலிருந்து, சாதாரண ஃபவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு எய்யும் வாய்ப்பு. புதியவர்கள் எரிச்சலோடு கேட்கும் “கடைசி நிமிடத்தில் ஏன் வேண்டுமென்றே ஃபவுல் பண்ணுகிறார்கள்?” என்பதற்கு விடையும் இங்கேதான். மூன்று புள்ளி பின்னால், 20 வினாடிதான் மிச்சம் என்றால், முன்னிலையில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டே ஆட்டத்தை முடித்துவிடும். ஃபவுல் செய்தால் கடிகாரம் நிற்கும், ஃப்ரீ த்ரோ தவறவும் வாய்ப்புண்டு, பந்தும் கைக்கு வரும்.

பள்ளி, கல்லூரியில் ஆடியவர்களுக்கு இன்னொரு தடுமாற்றம். அவர்கள் பழகியது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதி: 10 நிமிடக் குவார்ட்டர், ஐந்து ஃபவுலில் வெளியே, மூன்று புள்ளிக் கோடு (இதற்கு வெளியிலிருந்து எய்தால் மூன்று புள்ளி) 6.75 மீட்டர். என்பிஏவில் ஆறு ஃபவுல், கோடு 7.24 மீட்டர், மூலைகளில் மட்டும் 6.71. யாரையும் காவல் காக்காமல் தடுப்பாட்டக்காரர் கூடைக்கடியில் மூன்று வினாடிக்கு மேல் நின்றால் அதுவும் தவறு. ஃபிபாவில் அப்படி ஒரு விதியே இல்லை.

குறைகள் உண்டு. சாதாரணத் திட்டத்தில் இடைவேளை விளம்பரம் திரும்பத் திரும்ப ஒன்றே வந்து கொல்லும், பிரீமியத்தில் அந்த நேரத்தில் அரங்கத்தைக் காட்டுவார்கள். வர்ணனை பெரும்பாலும் ஆங்கிலம்தான். இரு அணிகளின் ஒளிபரப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் உங்கள் அணியின் ஒளிபரப்பையே எடுங்கள். ஒருதலைப்பட்சமாகப் பேசுவார்கள், ஆனால் ஆட்டக்காரர் பெயர்கள் சீக்கிரம் மனதில் பதியும். அமெரிக்காவில் இருக்கும் உறவினரின் கணக்கை வாங்கிப் பயன் இல்லை. அங்கே உள்ளூர் அணியின் ஆட்டங்களும் தேசியத் தொலைக்காட்சியில் வருபவையும் நேரலையில் மறைக்கப்படும்.

செயலியை நிறுவியதும் முதல் வேலை: அமைப்புகளில் ஸ்கோரை மறைக்கும் வசதியைப் போட்டு, அறிவிப்புகளை நிறுத்துங்கள். இல்லையென்றால் சாயங்காலம் பதிவைத் திறப்பதற்குள் முடிவு கைபேசியில் வந்து நிற்கும். சீசன் அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிகிறது, ஜூலையில் மாதச் சந்தா கட்டினால் பழைய ஆட்டங்கள்தான் மிஞ்சும். பிப்ரவரி நடுவில், நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் வாரத்துக்குப் பிறகு, மிச்ச சீசனுக்கான விலை குறைவது வழக்கம். முதல் தடவை வாங்குகிறவர் அதுவரை பொறுத்திருக்கலாம். கட்டணம் கட்டிய அன்றைக்கே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அடுத்த அக்டோபரில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த பிறகு தேட வேண்டாம்.