நீல நிறத் தொப்பி, ஒட்டிய ஸ்டிக்கர்: மட்டக்களப்பில் சேப்டி சாமான் வாங்குகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

நான் ஆரையம்பதியில் சின்ன அளவில் கொந்தராத்து எடுத்து வீடு, கடை கட்டிக் கொடுக்கிறவன். மேசன், கம்பி வேலை, கையாட்கள் என்று பன்னிரண்டு பேர் என்னோடு நிற்கிறார்கள். களுவாஞ்சிக்குடிப் பக்கம் மூன்று மாடிக் கடைக் கட்டடம் ஒன்று கிடைத்தபோது, இந்த முறை எல்லாருக்கும் ஹெல்மெட், சப்பாத்து, உயரத்தில் நிற்கிறவர்களுக்குப் பெல்ட் எடுத்துக் கொடுத்துத்தான் வேலை தொடங்குவது என்று முடிவெடுத்தேன். அதுவரைக்கும் செருப்போடும் தலையில் கட்டிய துவாயோடும் ஏறியவர்கள்தான் நாங்கள்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு கடை. பெயரை எழுதவில்லை, முறைப்பாடு போய்க்கொண்டிருக்கிறது. முதலாளி நன்றாகத்தான் பேசினார். மேசையில் ஒரு நீல நிறத் தொப்பியை வைத்து, ஐரோப்பியத் தரம், ஈ.என். 397 என்று காட்டினார். கையில் எடுத்தால் கனம் இருந்தது. முன்பக்க விளிம்புக்குக் கீழே அந்த இலக்கம் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகி இருந்தது. பக்கத்தில் மணிக்கூடு மாதிரி ஒரு வட்டம், நடுவில் அம்புக்குறி, உற்பத்தி மாதமும் வருடமும். உள்ளே தலையைத் தாங்குவது துணிப்பட்டி. எனக்குப் பிடித்துவிட்டது.

தொப்பி 12, ஒன்று 1,450 ரூபாய். சப்பாத்து 12 சோடி, 4,800 படி. பெல்ட் 4, ஒன்று 6,500. மொத்தம் 1,01,000 ரூபாய். முழுவதையும் வங்கியில் போட்டேன். பில் கேட்டதற்கு வெள்ளைத் தாளில் கணக்கை எழுதி ஒரு கையெழுத்து வைத்துத் தந்தார். கடைப் பெயர் இல்லை, முகவரி இல்லை. வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

மறுநாள் பின்னேரம் வானில் சாமான் வந்தது. நாங்கள் அப்போது கொங்கிறீட் போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் விட்டுவிட்டு வர முடியாத வேலை. சாக்கையும் பெட்டியையும் எண்ணிப் பார்த்தேன், பிரித்துப் பார்க்கவில்லை. அதே நீல நிறம், ஈ.என். 397 என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. அடுத்த நாள் காலையில் பொடியன்கள் போட்டுக்கொண்டு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கும் சந்தோசமாக இருந்தது.

மூன்றாம் கிழமை அது நடந்தது. மேல் தட்டில் ஸ்கபோல்டிங் குழாய் கழற்றும்போது ஒரு கிளாம்ப் கை நழுவி விழுந்தது. ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். ஒரு மாடி உயரம், பத்தடி இருக்கும். கீழே சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த கையாள் பொடியனின் தலையில் நேராக விழுந்தது. தேங்காய்ச் சிரட்டை உடைகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் தொப்பி உச்சியில் இருந்து பின்பக்கம் வரைக்கும் வெடித்துக் கிடக்கிறது. உள்ளே தலையைத் தாங்க வேண்டிய பட்டி நான்கு மூலையிலும் கொக்கி முறிந்து அவனுடைய கழுத்தில் தொங்குகிறது. நாலு தையல். ஒரு இரவு வாட்டில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். கடவுள் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும், அந்தத் தொப்பி காப்பாற்றவில்லை.

பொடியன் கொக்கட்டிச்சோலைப் பக்கம். ஆஸ்பத்திரி விறாந்தையில் அவனுடைய அம்மா என்னைப் பார்த்துக் கோபமாகப் பேசவே இல்லை. "நீங்க தொப்பியெல்லாம் குடுத்திருக்கீங்க எண்டுதானே மனே நான் யோசிக்காம அனுப்பினன்" என்று மட்டும் சொன்னார். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வசனம்தான். தொப்பி இல்லாவிட்டால், குழாய் கழற்றுகிற இடத்துக்குக் கீழே அவன் போய் நின்றிருக்க மாட்டான், நானும் விட்டிருக்க மாட்டேன்.

அன்று இரவே எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன். ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினால் முழுசாக உரிந்து வந்தது. அடியில் வெறும் பிளாஸ்டிக். இலக்கமும் இல்லை, வருட வட்டமும் இல்லை, செய்தவன் பெயரும் இல்லை. உள்ளே துணிப்பட்டிக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் நாடா. கடையில் காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று. ஈ.என். 397 என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்தில் இருந்து தொப்பியின் உச்சியில் போட்டுப் பார்க்கிறார்கள். தலைக்குப் போகிற விசை 5 கிலோநியூட்டனை, அதாவது ஏறக்குறைய அரைத் தொன் பாரத்தை, தாண்டக் கூடாது. நம்முடைய கிளாம்ப் விழுந்த அடி கணக்குப் போட்டால் அந்தச் சோதனை அடியை விடக் குறைவு. அதற்கே இது வெடித்துவிட்டது.

பிறகு பெல்ட். ஈ.என். 361 என்று அதிலும் எழுதியிருந்தது. உத்திரத்தில் கட்டி, இரண்டு சீமெந்துப் பைக்கட்டைச் சேர்த்து, 100 கிலோ, மெதுவாகத் தொங்கவிட்டேன். விழுத்தவில்லை, தொங்கத்தான் விட்டேன். தொடைப் பட்டி சேருகிற இடத்தில் நூல் ஒவ்வொன்றாக விட்டு வாய் திறந்தது. அந்தத் தரத்தில் உள்ள பெல்ட் சோதனையில் 15 கிலோநியூட்டன் இழுவை தாங்க வேண்டும், ஏறக்குறைய ஒன்றரைத் தொன். அந்த நான்கு பெல்ட்டையும் நம்பி மூன்று கிழமை என் ஆட்கள் மூன்றாம் மாடி விளிம்பில் குனிந்து வேலை செய்திருக்கிறார்கள். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நல்ல பெல்ட்டில் தையல் நூல் பட்டியின் நிறத்தில் இருக்காது. ஒரு இழை அறுந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வேறு நிறத்தில் தைக்கிறார்கள். எனக்குக் கிடைத்ததில் கறுப்புப் பட்டியில் கறுப்பு நூல்.

சப்பாத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாக்கில் எஸ்1பி என்று அடித்திருந்தது. அந்தத் தரம் என்றால் அடிக்குள் ஆணி ஏறாத தட்டு இருக்க வேண்டும். அடியை வெட்டிப் பார்த்தால் காட்போட் மட்டை. முன்பக்க மூடி கட்டைவிரலால் அழுத்தினாலே அமுங்குகிற தகரம். சட்டரிங் பலகை கழற்றுகிற ஆட்களுக்கு ஆணி குத்துவதும் ஏற்பு ஊசி போட ஓடுவதும் புதிதல்ல, அதைத் தடுக்கத்தான் இந்தச் சப்பாத்தையே வாங்கினேன்.

கடைக்குப் போனேன். "உங்கட பொடியன் ஒழுங்காப் போட்டிருக்க மாட்டான் தம்பி" என்றார் முதலாளி. உடைந்ததை மேசையில் வைத்தேன். "நாங்களும் கொழும்பிலிருந்து எடுத்துத்தான் விக்கிறம், எங்களுக்கு என்ன தெரியும்" என்றார். முதல் நாள் காட்டிய மாதிரித் தொப்பியைத் திரும்பக் காட்டச் சொன்னேன். அது விற்றுப் போச்சாம். கடைசியில் பாதிக் காசுக்கு வேறு சாமான் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவு பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எதையும் எடுக்கவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லி, எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சாமான் வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அது கடந்துவிடாமல் பாருங்கள். அவர்கள் முதலில் கேட்டது பில். என்னிடம் இருந்தது அந்த வெள்ளைத் தாள். வங்கியில் காசு போட்ட சீட்டு இருந்ததால் ஏதோ பிடிமானம் கிடைத்தது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, சட்டத்திலேயே இருக்கிறது. கடைப் பெயரோடு, எந்தத் தரம், எத்தனை என்று எழுதி வாங்குங்கள். தராவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இதற்குப் பிறகு கல்முனை வரைக்கும் கடை கடையாகப் போய்ப் பார்த்தேன். ஒரு இடத்தில் ஈ.என். 812 என்று உண்மையாகவே அச்சடித்த தொப்பியைக் கட்டட வேலைக்கு என்று விற்கிறார்கள். அது போலி இல்லை, ஆனால் தலை எங்காவது போய் இடிபடாமல் இருக்கப் போடுகிற தொப்பி. மேலே இருந்து விழுகிற சாமானுக்கு அது உதவாது. இலக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் என்ன இலக்கம் என்றும் பாருங்கள்.

இப்போது வேறிடத்தில் எடுத்த தொப்பிகள். விலை இரண்டு மடங்கு. இறக்கும்போதே ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து வாங்கினேன். பொடியன் வேலைக்கு வந்துவிட்டான், கீழே மட்டும் நிற்கிறான். பழைய தொப்பிகளை மோட்டார் சைக்கிளுக்குப் போட என்று இரண்டு பேர் கேட்டார்கள். உடைந்ததையும், உடையாத ஒன்றையும், ஒரு பெல்ட்டையும் முறைப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை யாரும் திரும்பப் போடாதபடி கிரைண்டரால் நடுவால் வெட்டிவிட்டேன்.

இந்த இரண்டு மூன்று மாதத்தில் டவுனில் நீல நிறத் தொப்பி மொத்தமாக எடுத்தவர்கள் இருந்தால், நாளைக் காலை ஆட்கள் ஏறுவதற்கு முன்னம் அந்த ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்.