விலை குறைந்த சஸ்பென்ஷன் பாகங்கள்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

நேராகவே சொல்லிவிடுகிறேன். சஸ்பென்ஷனுக்குக் கொஞ்சம் காசுதான் செலவழிக்க முடியும் என்றால், அதைத் தேய்ந்துபோன பழைய பாகங்களை மாற்றச் செலவழியுங்கள். அப்கிரேடு என்ற பெயரில் மலிவாக வருகிற பொருள்களில் ஒன்றைத் தவிர மற்ற எதற்கும் நான் காசு கொடுக்கச் சொல்ல மாட்டேன். என் காரிலும் நண்பர்கள் காரிலும் விதவிதமாக மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன், இவற்றில் பெரும்பாலானவை வண்டியை விறைப்பாக்கும், அவ்வளவுதான். விறைப்பாக இருப்பது வேறு, வண்டி ரோட்டைப் பிடித்து ஓடுவது வேறு.

முதலில் காயில் ஓவர் கிட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற செட். எல்லாருக்கும் ஆசை இதன் மேல்தான், ஏனென்றால் பார்க்க அழகாக இருக்கும், உயரத்தைத் திருகிக் குறைக்கலாம், மேலே ஷாக்ஸின் விறைப்பை மாற்ற ஒரு குமிழ் இருக்கும், அதில் 32 கிளிக் என்று எழுதியிருக்கும். நான் ஓட்டிப் பார்த்த மலிவு கிட்டில் அந்தக் குமிழின் கடைசி சில கிளிக்குகளில்தான் வித்தியாசம் தெரிந்தது, அதுவும் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இல்லை. குமிழைச் செய்வது எளிது, உள்ளே பிஸ்டனிலும் வால்விலும் ஆயில் எவ்வளவு வேகத்தில் எவ்வளவு தடையோடு போக வேண்டும் என்று ஒரு குறிப்பிட்ட காருக்குச் சோதித்து முடிவு செய்வதுதான் கஷ்டமான வேலை, விலையைக் குறைக்கும்போது முதலில் போவது அந்த வேலைதான்.

ஸ்பிரிங் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சாதாரணக் காரின் உடல் ஸ்பிரிங் மேல் வினாடிக்கு 1 முதல் 1.5 முறை ஆடும் அளவில் அமைத்திருப்பார்கள், நமக்குச் சொகுசாகத் தெரிவது அந்த அளவுதான். வண்டியை 40 மில்லிமீட்டர் இறக்கினால் சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்தில் அந்த 40 மில்லிமீட்டரும் போய்விடுகிறது, குழியில் விழுந்தால் நேராகப் பம்ப் ஸ்டாப்பில் (கடைசித் தடுப்பாக இருக்கும் ரப்பர் கட்டை) போய் மோதும். அப்படி மோதாமல் இருக்க ரொம்பக் கடினமான ஸ்பிரிங்கைப் போடுகிறார்கள். கடினமான ஸ்பிரிங்கை அடக்குவதற்கு அதற்கேற்ற பலமான ஷாக் அப்சார்பர் வேண்டும், மலிவு கிட்டில் அது இருப்பதில்லை. அதனால் வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளுகிறது. வளைவில் ரோடு கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தால் டயர் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கிறது, பிரேக் போடும் நேரத்தில் இது நிஜமாகவே ஆபத்து.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் (ஸ்பிரிங்கும் ஷாக்ஸும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு, இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான்) அளவுக்கு மீறி இறக்கினால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு பிணைக்கும் கை) வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, அதிகமாக இறங்கிவிடும். அந்த இரண்டுக்கும் இடையே தூரம் கூடக் கூட வளைவில் வண்டியைச் சாய்க்கிற விசை கூடும். சாய்வைக் குறைக்க இறக்கப் போய், சாய்வுக்கான காரணத்தையே வளர்த்து, அதைக் கடின ஸ்பிரிங்கால் மறைக்கிற வேலை இது.

ஸ்பிரிங்கை வெட்டுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, செய்யாதீர்கள். வேலை செய்கிற சுருள் 6 இருந்து ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவீதம் கடினமாகிவிடும், வெட்டின முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது, கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் எஃகின் பதமும் போய்விடும்.

சுருள்களுக்கு நடுவே செருகுகிற ரப்பர் வளையம், பஃபர் என்று விற்கிறார்களே, அதைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள். போட்டதும் வண்டி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும், பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் அடி தட்டாது, இதெல்லாம் உண்மைதான். ஆனால் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்: ரப்பர் இருக்கும் இடத்தில் சுருள் நெருங்க முடியாது, அங்கே ஸ்பிரிங் கிட்டத்தட்ட வேலை நிறுத்தம் செய்துவிடுகிறது, அதே அளவு அமுங்குவதற்கு மீதிச் சுருள்கள் கூடுதலாக வளைய வேண்டியிருக்கிறது. ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே மண்ணும் தண்ணீரும் தங்கி, பெயின்ட் உரிந்து, அங்கேதான் துரு பிடிக்கும். ஸ்பிரிங் தளர்ந்து வண்டி பின்னால் உட்கார்ந்துவிட்டது என்றால் ஜோடியாகப் புது ஸ்பிரிங் போடுவதுதான் சரி.

ஸ்ட்ரட் பார் (பானெட்டுக்கு அடியில் இரண்டு பக்க ஸ்ட்ரட்டின் மேல் முனைகளையும் இணைக்கும் கம்பி) போட்டு ஓட்டினேன், கழற்றிவிட்டும் ஓட்டினேன், தினசரி ஓட்டத்தில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பாலியூரித்தேன் புஷ் (ஆர்ம் மூட்டுகளில் ரப்பருக்குப் பதிலாகப் போடுகிற கடினமான வளையம்) அப்படி இல்லை, ஸ்டியரிங் திருப்பினால் வண்டி சட்டென்று பதில் சொல்வது தெரிகிறது, ஆனால் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் சீட்டுக்கு வந்து சேரும். கிரீஸ் காய்ந்தால் கீச் கீச் என்று சத்தம் வேறு. தினமும் வேலைக்குப் போய் வருகிற வண்டிக்கு இது வேண்டாம்.

நான் விதிவிலக்காகச் சொன்ன அந்த ஒன்று ஆன்ட்டி ரோல் பார், இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி. இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு உயரத்துக்குப் போகும்போதுதான், முக்கியமாக வளைவில், முறுக்கிக்கொண்டு வேலை செய்கிறது, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது சும்மா இருக்கிறது, அதனால் நேர் ரோட்டில் சொகுசு அதிகம் கெடுவதில்லை. கம்பியின் தடிமன் கொஞ்சம் கூடினாலே பலன் நிறைய. 20 மில்லிமீட்டர் பாருக்குப் பதிலாக அதே அளவில் 22 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடும், ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் படியோடு போகிற கணக்கு. முன்சக்கரத்தில் ஓடும் காரில் பின்பக்கம் கொஞ்சம் தடிமனான பார் போட்டால், வளைவில் மூக்கு வெளியே இழுத்துக்கொண்டு போவது நன்றாகவே குறைகிறது. அதற்காக ரொம்பத் தடிமனாகப் போகாதீர்கள், ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கிவிடும். உங்கள் மாடலுக்கென்றே செய்த பாராக இருக்கட்டும்.

இப்போது உண்மையிலேயே காசுக்குப் பலன் கிடைக்கிற இடத்துக்கு வருகிறேன். ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, ஓட்டுகிறவருக்கும் அது பழகிவிடுகிறது. அதனால்தான் பல வருஷம் ஓடிய காரில் கம்பெனி தரத்திலேயே புது ஷாக்ஸ் நாலும் போட்டால் 'இது என் வண்டிதானா' என்று கேட்கத் தோன்றுகிறது. கேஒய்பி, மன்ரோ, சாக்ஸ் போன்ற பெயர்கள் கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுப்பவை, விலையும் கைக்கு எட்டும். ஆனால் போலிச் சரக்கும் புழங்குகிறது, நம்பகமான இடத்தில் வாங்குங்கள். மூலையில் அழுத்திப் பார்த்து ஷாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தச் சோதனை முழுதாகச் செத்துப்போனதை மட்டும்தான் காட்டும். ஆயில் கசிகிறதா, டயர் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசு உறை எல்லாம் சேர்த்து மாற்றிவிடுங்கள், லிங்க் ராடையும் (ஆன்ட்டி ரோல் பாரின் முனையை ஸ்ட்ரட்டோடு அல்லது ஆர்மோடு இணைக்கும் சின்னக் கம்பி) பாருங்கள். மெதுவாகப் போகும்போது கடகட என்று வருகிற சத்தத்துக்குப் பல நேரம் லிங்க் ராடுதான் காரணம், மலிவான பாகங்களில் ஒன்றும் அதுதான். மலிவு ஷாக்ஸை மாட்டவும் நல்ல ஷாக்ஸை மாட்டவும் கூலி ஒன்றுதான், அது சீக்கிரம் போய்விட்டால் அந்தக் கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டும், இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு என்பது அங்கேயே காணாமல் போய்விடுகிறது.

அப்புறம், இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால் டயரில் காற்று, டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காற்று அதிகமாக இருந்த ஒரே காரணத்துக்காக ஷாக்ஸை மாற்றக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை நடக்கும்போது மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். ரப்பர் புஷ் உள்ள ஆர்ம்களின் போல்ட்டை, வண்டி தூக்கியில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது, சக்கரங்களின் மேல் எடை வந்த பிறகுதான் முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டியை இறக்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், புதுப் புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். வண்டியின் உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்று அன்று இரவே ஒரு சுவர் முன்னால் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.