கோயிலும் கடைவீதியும்: கோவையா, ஈரோடா?

திருப்பூரில் குடியிருப்பதால் எனக்கு இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தூரம். வெளியூர் சொந்தக்காரர்கள் வந்து, "பழைய கோயிலும் பார்க்கணும், சந்தையும் சுத்தணும், ஒரு நாள்தான் இருக்கு" என்றால், எந்தக் கிழமை என்றுதான் முதலில் கேட்பேன். திங்கள், செவ்வாய் என்றால் ஈரோடு. மற்ற நாளில் கோவை.

கல் வேலைப்பாட்டில் கோவையை ஒட்டிய பேரூர்க் கோயிலுக்கு ஈடாக ஈரோட்டுக் கோயில் எதுவும் வராது. உக்கடத்திலிருந்து டவுன் பஸ் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். அங்குள்ள பட்டீசுவரர் கோயிலில் நடராசர் இருக்கும் மண்டபமான கனகசபை 17ஆம் நூற்றாண்டில் அளகாத்திரி நாயக்கர் கட்டியது. தூண்களில் ஆளை மிஞ்சும் உயரத்தில் அகோர வீரபத்திரர், யானையை உரித்த சிவன், ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி. அண்ணாந்து பாருங்கள், கூரையிலிருந்து கல்சங்கிலி தொங்கும். வளையத்துக்குள் வளையம் கோத்த மாதிரி இருக்கும், ஆனால் கோத்ததல்ல, கல்லிலேயே குடைந்தது. இதைப் பார்க்காமல் சந்நிதியை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்காது, கூப்பிட்டுக் காட்டிவிடுவேன். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கிருந்து டவுன்ஹால். விக்டோரியா மகாராணியின் பொன்விழா நினைவாக எழுப்பி 1892இல் முடித்த கட்டடம். சுற்றிலும் ஒப்பணக்கார வீதி, ராஜ வீதி, பெரிய கடைவீதி, நடுவில் கோனியம்மன் கோயில். மாசித் தேருக்கு அந்தப் பக்கம் நிற்க இடம் கிடைக்காது. துணி, நகை, பாத்திரம் எல்லாம் உண்டு. ஆனால் இவற்றை வேறு பெரிய ஊரிலும் வாங்கிக்கொள்ளலாம்.

ஈரோட்டுச் சந்தை அப்படியல்ல. கனி மார்க்கெட் வட்டாரத்தில் திங்கள் சாயங்காலம் ஜவுளிச் சந்தை கூட ஆரம்பித்தால் செவ்வாய் வரை ஓயாது. கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்குவார்கள். லுங்கி, துண்டு, பெட்ஷீட், நைட்டி எல்லாம் கட்டுக் கட்டாக விரிந்து கிடக்கும். போன முறை ஒரே ஒரு துண்டு கேட்டேன். கடைக்கார அண்ணன் கையில் இருந்த கட்டைப் பிரிக்கவில்லை. "மொத்த யாவாரம் நடக்குதுங்க, விடிஞ்சு வாங்க, தர்றேன்" என்றார். விடிந்ததும் போனேன், சொன்னபடி கொடுத்தார். சில்லறைக்குப் போகிறவர்கள் செவ்வாய் காலையில் போவதுதான் நல்லது.

அப்புறம் மஞ்சள். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது ஈரோட்டு மஞ்சள். ஏலம் நடக்கும் இடத்துக்குள் போகும்போதே வாசம் நெஞ்சில் ஏறும். நீண்ட விரலி தனி, உருண்டைக் கிழங்கு தனி. வியாபாரி ஒரு விரலியை எடுத்துப் பட்டென்று ஒடித்து உள்நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் விலை எழுதுவார். மாசி, பங்குனியில் புது மஞ்சள் வரத்து இருக்கும், அப்போது போங்கள்.

பழமைக்கு ஈரோட்டில் என்ன இருக்கிறது? கோட்டை ஈசுவரன், கஸ்தூரி அரங்கநாதர் என்று இரண்டு கோயில்களும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. சந்தை சுற்றிய காலோடு போகலாம். பெரியார் வாழ்ந்த வீடும் நினைவகமாக இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பவானிக்கு பஸ் ஏறுங்கள், 15 கிலோமீட்டர். பவானி ஆறு காவிரியில் கலக்கும் கூடுதுறையில் சங்கமேசுவரர் கோயில். ஆங்கிலேய கலெக்டர் வில்லியம் கேரோ 1804இல் அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டில் இங்கே உண்டு. ஜமக்காளம் வாங்கவும் இதுதான் ஊர்.

இன்னும் பழமை தேடுபவர்கள் கொடுமணல் பெயரைச் சொல்வார்கள். சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரை. சங்கப் பாடலில் வரும் கொடுமணம் இதுதான் என்பார்கள். மணிகளும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து பொறித்த பானையோடுகளும் அகழாய்வில் கிடைத்தன. ஆனால் அந்த ஊருக்குப் போய்க் கண்ணால் பார்க்க அதிகம் இல்லை, ஒரு நாள் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

இரண்டு நாள் கிடைத்தால் திங்கள் காலை பேரூரில் தொடங்குங்கள். மதியம் டவுன்ஹால், மாலையில் கோவையிலிருந்து ரயில். இருட்டுவதற்குள் ஈரோட்டில் இறங்கிவிட்டால் துணிக்கட்டுகள் பிரிவதைப் பார்க்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காவிரிப் பாலம் தாண்டி பள்ளிபாளையம் போங்கள். காய்ந்த மிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு வதக்கிய சிக்கன் அந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.