ஷாக்கிள் பின் பிடித்துக்கொண்டது என்று சொல்லி கேஸ் கட்டரை எடுத்தால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்

பழைய பிக்கப் வைத்துப் பிழைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. போட்டால் சண்டைதான் மிஞ்சும். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது 2010 மாடல். தருவைகுளத்திலிருந்து மதுரைக்கு மீன் ஓட்டம். மீன் வண்டிக்கு எமன் ஐஸ் தண்ணீர்தான். பெட்டிகளிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் இடது பின் மூலையில் வழிந்து, நேராக ஸ்பிரிங் பட்டையின் பின்பக்க ஷாக்கிள் மேல், அதாவது பட்டையின் பின் நுனியைச் சேசிஸோடு கோக்கும் ஆடுகிற தகடுகளின் மேல், சொட்டும். வருடக்கணக்காகச் சொட்டியிருக்கிறது. பட்டையின் நுனியில் சுருண்டிருக்கும் வளையத்தைக் கண் என்பார்கள். என் வண்டியில் அதற்குள் இருப்பது, அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ். அதன் நடுவில் ஓர் இரும்புக் குழாய், குழாய்க்குள் பின். நிப்பிள் கிடையாது, அதனால் கிரீஸ் அடிக்கும் நாளில்கூட அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. குழாயும் பின்னும் துருப்பிடித்து ஒரே இரும்பாகிவிடும்.

எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதற்கு முன்னால் பின்பக்கம் கேட்ட டக் டக் சத்தத்தைச் சரிசெய்துவிடலாம் என்று பைபாஸில் உள்ள ஒரு பட்டறைக்குப் போனேன். இரண்டு பக்கமும் புஷ், பின், ஷாக்கிள் தகடு மாற்றக் கூலியோடு 4,500 ரூபாய் என்று பேச்சு. மறுநாள் காலையில் போன் வந்தது.

"அண்ணாச்சி, பின்னு பிடிச்சுக்கிட்டு. சம்மட்டியால அடிச்சும் அசைய மாட்டேங்கு. சூடு காட்டித்தான் எடுக்கணும். கூட ரெண்டாயிரம் ஆவும்."

"சரி தம்பி, பாத்துச் செய்யுங்க" என்றேன். பக்கத்தில் போய் நிற்காமல் போனிலேயே தலையாட்டிய புத்திசாலி நான்.

சாயங்காலம் போனால் பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. மொத்தம் 6,500 கொடுத்தேன். பழைய சாமானைக் கேட்டதற்கு, "அது இரும்புக் கடைக்குப் போயிட்டு அண்ணாச்சி" என்று பதில். பில் என்று கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு.

சரியாக 23 நாள். விடியற்காலை நான்கு மணி, எட்டயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால். டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம், இடது பின்பக்கம் தொபுக்கென்று இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால், மெயின் பட்டை பின் கண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாகப் போயிருந்தது. கண் மட்டும் ஷாக்கிளில் தோடு மாதிரித் தொங்கியது. போனது பின் கண் என்பதால் பிழைத்தேன். முன் கண் போயிருந்தால் அந்தப் பக்கம் ஆக்சிலைப் பிடிக்க ஆளில்லாமல் சக்கரமே பின்னால் நகர்ந்து, வண்டி எந்தப் பக்கம் பாய்ந்திருக்குமோ! வேறு வண்டி பிடித்து மீனை மாற்றி அனுப்பியதில், சந்தை விலை போனதும் சேர்த்து 11,000 நஷ்டம்.

காலையில் பட்டை வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் உடைந்த துண்டை வாங்கி உப்புத்தாளால் பெயின்டைத் தேய்த்தார். அடியில் ஊதாவும் நீலமுமாக மயில்கழுத்து நிறம். உடைந்த முகத்தைத் திருப்பிக் காட்டினார். கால்வாசி பழுப்பேறிய துரு, மிச்சம் சர்க்கரை மாதிரிப் பளிச்சென்ற புது உடைப்பு. அந்தக் கால்வாசி முன்பே கீறல் விட்டிருக்கிறது.

"செவக்கச் செவக்கக் காய்ச்சி, அவசரத்துல பச்சத் தண்ணிய ஊத்திருக்கான். அருவாளுக்குத் தோய்ச்சல் போடுத மாதிரி நெனச்சுட்டான் போல" என்றார்.

பட்டை எஃகைத் தயாரிக்கும்போது 850 டிகிரி வாக்கில் காய்ச்சி எண்ணெயில் குளிரவைத்து, அப்புறம் 450 டிகிரியை ஒட்டி மறுபடி சூடாக்கித்தான் அந்த வளையும் குணத்தைக் கொண்டுவருவார்கள். மறுபடி சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். மேலே தண்ணீரும் ஊற்றினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

அதோடு முடியவில்லை. போட்டிருந்த புதுப் பின்னின் தலையில் ஒரு எண்ணும் இல்லை. இந்த மாதிரி இடத்துப் போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் இருக்க வேண்டும். இது வாசல் கேட்டுக்குப் போடுகிற சாதா போல்ட். ஆடாமல் இருக்கத் தகட்டோடு ஒரு பொட்டு வெல்டிங் வேறு. வலது பக்கத்தை டீசல் போட்டுத் துடைத்தபோது பெயின்டுக்கு அடியில் பழைய துரு அப்படியே வந்தது. அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை! காசு மட்டும் இரண்டு பக்கத்துக்கும்.

அந்த வலது பக்கத்தைப் பெரியவர் எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். நட்டைக் கழற்றிவிட்டு ஸ்பேனரால் பின்னைத் திருப்பினார். கொஞ்சம் திரும்பியது, கையை விட்டதும் சுருக்கென்று பழைய இடத்துக்கே வந்தது. "பின்னு திரும்பல, ரப்பருதான் முறுக்குது. குழாயோட சேந்துட்டு. இத அடிச்சுப் பிரயோசனம் இல்ல." ஒரு ராத்திரி எண்ணெய் விட்டுப் பார்த்தார், அசையவில்லை. உடனே சேசிஸைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, பின்னின் மேல் பாரமே இல்லாதபடி பட்டையைத் தொங்கவிட்டார். தகட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஆக்சா பிளேடை விட்டு, இரண்டு பக்கமும் பின்னை அறுத்தார். நாலு பிளேடு தேய்ந்தது, மதியச் சாப்பாடு தள்ளிப்போனது, நெருப்பு மட்டும் பக்கத்திலேயே வரவில்லை. பட்டையின் கண் விடுபட்டதும், ஒரு நீளப் போல்ட்டையும் பழைய பேரிங் கப்பையும் வைத்து இறுக்கியே புஷ்ஷை வெளியே இழுத்துவிட்டார். புதுப் பின்னுக்கு கிரீஸ் தடவி மாட்டினார். நட்டைக் கடைசி இறுக்கு இறுக்கியது வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகுதான். தொங்கும்போதே இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம்.

உடைந்த கண்ணை எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். "ஓவர்லோடு ஏத்துனா ஒடையத்தான் செய்யும்" என்றார்கள். வலது பக்கத்தைப் பற்றிக் கேட்டதும் சத்தம் குறைந்தது. முதலாளி 2,000 எடுத்துக் கொடுத்தார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட புகாருக்குக் கட்டணம்கூட இல்லை. ஆனால் என் கையில் இருப்பது ஊர் பெயரே இல்லாத அந்தத் துண்டுச் சீட்டு.

இப்போது ஐஸ் தண்ணீர் வடியும் மூலையில் ஒரு ஹோஸ் மாட்டி, ஷாக்கிளைத் தாண்டித் தரையில் சொட்டும்படி விட்டிருக்கிறேன். 180 ரூபாய் ஆனது.