ஒரு சீசன் ஓட்டுன ஸ்ப்ரே ஸ்கர்ட், நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த லூப்பு...

ஸ்ப்ரே ஸ்கர்ட்னா கயாக்ல (துடுப்பு போடுற சின்னப் படகு) உக்கார்ற ஓட்டைக்குள்ள தண்ணி வராம இடுப்புல இருந்து மூடுற பாவாடை மாதிரி ஒண்ணு. ஒரு சீசன் முழுக்க இந்த நியோப்ரீன் (ரப்பர் மாதிரி இழுபடுற துணி) ஸ்கர்ட்டை இடுப்புல மாட்டிக்கிட்டு ஆத்துல உருண்டு பொரண்டாச்சு, இனிமே இதப்பத்தி வாயத் தொறக்கலாம். 4 மில்லிமீட்டர் நியோப்ரீன், ஓரத்துல பங்கீ வச்சது. பங்கீன்னா உள்ள தச்சிருக்கிற எலாஸ்டிக் கயிறு, காக்பிட் ரிம்முக்கு, அதாவது உக்கார்ற ஓட்டையோட விளிம்புக்கு, அடியில போய் கவ்விக்கும். ரேண்ட்னு கெட்டி ரப்பர் விளிம்பு வச்சதும் வரும், அது இன்னும் இறுக்கமா உக்காரும், ஆனா மாட்டி முடிக்கறதுக்குள்ள விரல் செத்துரும், கழட்டவும் பலம் வேணும். புதுசா பழகுறவங்க பங்கீயோடவே இருங்க.

மொத நாள் இதையே மாட்ட முடியல. பின்னாடி மாட்டுனா முன்னாடி வரல, முன்னாடி இழுத்தா பின்னாடி டப்புனு கழண்டுக்குது, கூட வந்தவங்க எல்லாம் எடியில, அதாவது ஓட்டம் அடங்குன தண்ணியில, போட்டை நிறுத்திட்டு என்னையே வேடிக்க பாக்குறாங்க. அப்புறம்தான் ஒருத்தர் சொன்னாரு, மொதல்ல நல்லா தண்ணில நனைங்க, பின்பக்கம் மாட்டிட்டு ரெண்டு முழங்கையாலயும் ரிம்ம அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு கடைசியா முன்பக்கத்த இழுங்கன்னு. நனைஞ்சா வழுக்கிட்டு போகுது. ரெண்டு மூணு தடவை போட்டா துணியும் கொஞ்சம் எளகிரும்.

தண்ணி விஷயத்துல குறையே சொல்ல மாட்டேன். ஒரு ஆள் ஒசரத்துக்கு இருந்த டிராப்புல (தண்ணி கீழ விழற எடம்) பூஃப் அடிக்க, அதாவது போட் மூக்கத் தூக்கித் தட்டையா எறங்கப் போயி, துடுப்பு ஸ்ட்ரோக் லேட்டாகி போட் மூக்கு கீழ குத்திருச்சு, மொத்தத் தண்ணியும் மடி மேலதான் விழுந்துச்சு. பழைய நைலான் ஸ்கர்ட்டா இருந்தா உள்ள அமுங்கி போட் ரொம்பிருக்கும், இது அசையல. உள்ள வர்ற கொஞ்ச நஞ்சமும் இடுப்பு வழியாத்தான், ஜாக்கெட்டோட வெளி மடிப்ப அதுக்கு மேல இறக்கிவிட்டா அதுவும் நிக்குது.

இப்ப லூப்புக்கு வர்றேன், ஸ்கர்ட்டக் கழட்ட முன்பக்கம் வச்சிருக்கிற இழுப்பு நாடா அது. கிளாஸ் 3 ரேபிட் (நடுத்தரக் கஷ்டமான வேக நீரோட்டம்) ஒண்ணுல கவுந்தேன், ரோல், அதாவது போட்டோட அப்படியே நிமிர்றது, ரெண்டு தடவை போட்டும் எழும்பல, சரி வெளிய வந்துரலாம்னு கைய விட்டா லூப்பக் காணோம். இத செஞ்சவங்க வச்சிருக்கிறது மெல்லிசான நாடா, டெக்கோட (ஸ்கர்ட்ல காக்பிட்ட மூடுற தட்டைப் பகுதி) அப்படியே ஒட்டிப் படுத்துருது, கிளவுஸ் போட்ட கைக்கு ஒண்ணும் தட்டுப்படல. இடுப்புல இருந்து ரிம்மோட விளிம்பத் தடவிக்கிட்டே முன்னாடி போயித்தான் பிடிச்சேன். பிடிச்சும் பதட்டத்துல நேரா மேல இழுத்தா வருமா, முன்பக்கமா தள்ளிட்டுத்தான் மேல இழுக்கணும், அப்பதான் ஓரம் ரிம்ம விட்டு கழலும். சில செகண்டுதான் இருந்திருக்கும், தலைகீழா தொங்குறவனுக்குத்தான் அதோட நீளம் தெரியும். தண்ணி நிக்கிறதுக்கு இவ்ளோ மெனக்கெட்டவங்க இதுல ஏன் கஞ்சத்தனம் பண்ணாங்களோ. கடையில எதப் பாத்தாலும் சரி, கண்ண மூடிக்கிட்டு ஒரு கையால லூப்பத் தேடிப் பாருங்க, மாட்டும்போதெல்லாம் லூப் வெளிய கெடக்குதான்னு தொட்டும் பாத்துக்கோங்க, உள்ள மாட்டிக்கிச்சுன்னா சங்குதான்.

சைஸ்ல ஒரு குழப்பம் வரும். டெக் சைஸ் காக்பிட்டுக்கு, டனல் சைஸ் உங்க இடுப்புக்கு, ரெண்டும் தனித்தனி. என் போட்டுக்கு கச்சிதமா உக்காந்தது ஃப்ரெண்ட் போட்ல தொளதொளன்னு இருந்துச்சு.

தேய்மானம்னு பாத்தா ரிம் உரசுற ஓரத்துல ஒரு எடத்துல நூல் விட்டிருக்கு, நியோப்ரீன் பசை போட்டு ஒட்டிட்டேன். காய வைக்கிறேன்னு போட் மேலயே மாட்டி வெயில்ல விட்றாதீங்க, இழுபட்டுப் போயிரும்.

அஞ்சுக்கு மூணரை குடுக்கலாம், அரை மார்க்கு லூப்ப நானே சரி பண்ணிக்க முடிஞ்சதால. ஓட்டை ஓட்டையா இருக்கிற ஒரு பிளாஸ்டிக் பந்த அதுல கோத்து முடிச்சு போட்டுட்டேன். பாக்க கோமாளி மூக்கு மாதிரி இருக்கு, ஆனா அடுத்த தடவை கவுந்தப்ப கை நேரா அதுலதான் போயி நின்னுச்சு.